கினபாலு மலைக்குப் போகுமுன் அதன் கல்லையும் மழையையும் அறிந்துகொள்ளுங்கள்

கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் சபாவில் உள்ள கினபாலு மலைக்குத் தனியாகச் சென்றேன். உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டு முழங்கால்களும் வீங்கிய நிலையில் ஈப்போ திரும்பினேன். விமானக் கட்டணம், மலையேற்றத் தொகுப்புக் கட்டணம், வாங்கிய பொருள்கள், பிறகு முழங்காலுக்குச் செய்துகொண்ட சிகிச்சை என்று எல்லாம் சேர்ந்து மூவாயிரம் ரிங்கிட்டை நெருங்கியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான எனக்கு அது சிறிய தொகை அன்று. ஆனால் பணம் போனதைவிட என்னை அதிகமாக வருத்தியது வேறொன்று. புறப்படுமுன் நான் விசாரிக்காத ஆள் இல்லை. காலணியைப் பற்றிச் சொன்னார்கள், படிக்கட்டு ஏறிப் பழகச் சொன்னார்கள், உச்சியில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். அந்த மலை எந்தக் கல்லால் ஆனது, அந்தக் கல்லின்மேல் மழை விழுந்தால் என்ன ஆகும், எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என்னைத் திருப்பி அனுப்பியவை இந்த மூன்றும்தான். அடுத்து யாராவது தனியாகப் போவதாக இருந்தால் அவர்களுக்காவது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மலை நிற்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நேர்ந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதில்தான் இருக்கிறது. போர்னியோ தீவின் வட மூலையில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 6 பாகை வடக்கே, தென்சீனக் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கினபாலு நிற்கிறது. உயரம் 4,095 மீட்டர். பழைய பாடநூல்களில் 4,101 மீட்டர் என்று இருக்கும். 1997இல் செயற்கைக்கோள் வழி அளந்தபோது அது திருத்தப்பட்டது. நம்முடைய நூறு ரிங்கிட் தாளின் பின்புறத்தில் இருப்பது இந்த மலைதான். கடல்மட்டத்தில் வெக்கை நிறைந்த ஊர், அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் நான்காயிரம் மீட்டர் உயரத்துக்கு எழும் மொட்டைப் பாறை. கடலின் ஈரக்காற்று நிலத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் பெரிய தடை இந்த மலைதான் என்பதால், அந்தக் காற்று சுமந்து வரும் நீரில் பெரும்பகுதியை இதன்மீதே இறக்கிவிட்டுப் போகிறது.

கோத்தா கினபாலுவிலிருந்து பூங்காத் தலைமையகத்துக்குச் சாலைவழி ஏறத்தாழ 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். எனக்குத் தொகுப்பை விற்ற பயண முகவர், முதல் நாள் இரவு நகரத்தில் தங்கிவிட்டு விடியற்காலையில் வேனில் கிளம்பினால் போதும் என்று ஏற்பாடு செய்திருந்தார். செலவு குறைகிறதே என்று எனக்கும் அப்போது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. அதன் விலை மறுநாள் இரவு தெரிந்தது. கடல்மட்டத்தில் தூங்கி எழுந்து, அன்றைக்கே 3,270 மீட்டர் உயரத்தில் படுக்கப் போகும் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. பூங்காத் தலைமையகம் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள குண்டாசாங்கும் மலைப்பாங்கான ஊர். இந்த இரண்டில் ஒன்றில் ஓர் இரவாவது தங்கிவிட்டு ஏறுங்கள். முகவர் கொடுக்கும் அட்டவணையில் அந்த இரவு இல்லையென்றால், தனியாகக் காசு கொடுத்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது ரிங்கிட் கூடுதலாகலாம். தலைவலியில் புரண்டுகொண்டு கழிக்கும் ஓர் இரவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

தலைமையகத்தில் பதிந்துகொண்டு, பெயரட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எனக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டியைச் சந்தித்தேன். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை. அவர் ராணாவ் பக்கத்துத் தூசுன் இனத்தவர். ஐம்பது வயது இருக்கும். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் மலாயில் ஆசிரியரை அழைப்பதுபோல் ‘சிக்கு’ என்றே அழைத்தார், நானும் அவரை ‘அபாங்’, அதாவது அண்ணன், என்று அழைத்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கு உண்மையான தகவல் சொன்னவர் அவர் ஒருவர்தான். நடக்கத் தொடங்குமுன் என் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பாதியைச் சுமைதூக்கிகளிடம் கொடுக்கச் சொன்னார். எடைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்கள். நான் கொடுத்தேன், அந்தப் பயணத்தில் நான் செலவழித்த பணத்திலேயே முழுப் பயன் தந்தது அதுதான்.

திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பனாலாபான் விடுதிகள் வரை 6 கிலோமீட்டர். ஆறு கிலோமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். அந்த ஆறில் 1,400 மீட்டர் உயரம் ஏறவேண்டும். வாயிலைக் கடந்ததும் பாதை முதலில் கார்சன் அருவி வரை கீழே இறங்குகிறது. போகும்போது இது சுகமாக இருக்கும். திரும்பி வரும்போது, கால்கள் முற்றிலும் ஓய்ந்த பிறகு, கடைசியாக ஏறவேண்டிய ஏற்றமும் இதுவே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கீழ்ப்பகுதியில் காலடியில் இருப்பது கருங்கல் அன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் மணலும் சேறும் படிந்து இறுகிய மணற்கல்லும் களிக்கல்லும்தான். குரோக்கர் மலைத்தொடர் முழுவதும் இதே கல்தான். எளிதில் உதிர்ந்து மண்ணாவதால் இங்கே காடு அடர்ந்து நிற்கிறது. கருவாலி இன மரங்கள், பாசி போர்த்திய கிளைகள், மரப்பெரணிகள் என்று வழிநெடுக நிழல். படிகள் மரவேர்களும் கட்டைகளும் சேர்த்து அமைத்தவை, ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாது. முழங்காலைக் கெடுப்பது இந்த ஒவ்வாத உயரம்தான். வீட்டு மாடிப்படியில் ஏறிப் பழகியது எனக்கு அங்கே அதிகம் உதவவில்லை. பத்துமலைப் படிகளைப் போலச் சீரான படிகளில் பழகுவதைவிட, வேரும் கல்லுமாக இருக்கும் காட்டுப் பாதையில், அதுவும் இறங்கிப் பழகுவது நல்லது.

லாயாங் லாயாங் தங்குகுடில் ஏறத்தாழ 2,700 மீட்டரில் வருகிறது. அதைத் தாண்டியதும் காடு திடீரென்று மாறியது. அதுவரை தலைக்குமேல் நின்ற மரங்கள் தோளுயரத்துக்கு இறங்கின. தண்டுகள் முறுக்கிக்கொண்டு நின்றன. மண் கறுப்பிலிருந்து பழுப்பு மஞ்சளானது. உயரம் கூடியதால்தான் இப்படி என்று நினைத்தேன். அபாங் மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி, இது வேறு கல் என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பூமியின் மேலோட்டுக்கும் கீழே இருந்து, பழைய கடலடித் தரையோடு மேலே தள்ளப்பட்ட, மெக்னீசியமும் இரும்பும் மிகுந்த பாறை இந்தப் பகுதியில் ஒரு பட்டைபோல் குறுக்கே ஓடுகிறது. அதிலிருந்து உண்டாகும் மண்ணில் செடிக்கு வேண்டிய சத்துகள் குறைவு, நிக்கல் போன்ற உலோகங்கள் அதிகம். எல்லா மரங்களாலும் அதில் பிழைக்க முடிவதில்லை. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியைப் பிடித்துத் தேடிக்கொள்ளும் குடுவைத் தாவரங்கள் இங்கே செழிப்பதற்கு அதுவே காரணம். வாய் விளிம்பில் சீப்புப் பல் போன்ற வரிகளோடு நெப்பந்தஸ் வில்லோசா என்ற வகை பாதையோரத்திலேயே இருந்தது. சில லிட்டர் நீர் கொள்ளக்கூடிய குடுவைகளை உடைய நெப்பந்தஸ் ராஜா இந்த மலையிலும் அருகிலுள்ள தம்புயுகோன் மலையிலும் மட்டுமே வளர்கிறது. அதைப் பாதையோரத்தில் பார்க்க முடியாது. உலகப் பாரம்பரிய இடமாக 2000ஆம் ஆண்டில் இந்தப் பூங்கா அறிவிக்கப்பட்டதற்கு இந்தத் தாவரச் செல்வமே முதன்மைக் காரணம். நடக்கிறவருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. இந்த மஞ்சள் மண் நனைந்தால் சோப்பைப்போல் வழுக்கும். நிழல்தரும் மரமும் கிடையாது. மழை வந்தால் நேரே உடம்பில் விழும். மழைக்கோட்டைப் பையின் அடியில் வைத்துவிடாமல் லாயாங் லாயாங்கிலேயே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை அங்கேயே வந்தது. நண்பகல் தாண்டிய நேரம். அதுவரை வெயில் அடித்த மலைச்சரிவில் பத்து நிமிடத்துக்குள் மேகம் மூடி, எதிரே போகிறவரின் முதுகு மறைந்தது. இது அந்த மலையின் அன்றாட வழக்கம். காலை வெயிலில் சரிவுகள் சூடேறுகின்றன, கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சூட்டோடு சரிவில் மேலேறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி, பிற்பகலில் மழையாகிறது. இரவில் பாறை குளிர்ந்ததும் காற்று கீழ்நோக்கித் திரும்புகிறது, மேகமும் இறங்கிவிடுகிறது. இதனால்தான் எல்லாரையும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பி உச்சிக்கு அனுப்புகிறார்கள். சூரிய உதயம் அழகாக இருக்கும் என்பது கூடுதல் பயன். மேகம் திரும்பி வருவதற்குள் மொட்டைப் பாறையிலிருந்து ஆட்களை இறக்கிவிட வேண்டும் என்பதே அந்த நேரக் கணக்கின் அடிப்படை.

பனாலாபானை அடைந்தபோது மாலை நான்கு மணியைத் தாண்டிவிட்டது. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. உயரம் 3,272 மீட்டர். விடுதிகளுக்குப் பின்னால் மரமே இல்லாத சாம்பல்நிறக் கருங்கல் சுவர் எழுந்து நிற்கிறது. அதன்மேல் மழைநீர் வெள்ளை வெள்ளைக் கோடுகளாக வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். அந்தக் கோடுகள் எங்கே ஓடுகின்றனவோ அதன் வழியாகத்தான் மறுநாள் இருட்டில் நான் நடக்க வேண்டும் என்று அப்போது எனக்கு எவரும் சொல்லவில்லை. சூடான மைலோவும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மாடிக் கட்டில் ஒன்றில் படுத்தேன். ஏழு மணிக்குள் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

அன்றிரவு நான் தூங்கவே இல்லை. நெற்றிப்பொட்டு இரண்டிலும் அடிப்பதுபோல் வலி, வாந்தி வருவதுபோன்ற குமட்டல், சற்றுக் கண்ணயர்ந்தால் மூச்சு நின்றுவிட்டதுபோல் திடுக்கிட்டு விழிப்பு. சுற்றிலும் அறிமுகமில்லாதவர்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு யார் தகவல் சொல்வார்கள் என்ற எண்ணம் வந்தபோது உண்மையாகவே அழுதேன். உயரத்தால் வரும் இந்த உபாதை 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். வயதும் உடல் வலிமையும் அதைத் தடுப்பதில்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். பனடோலும் வெந்நீரும் எனக்கு ஓரளவு உதவின. உயரத்துக்கென்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதால் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மேலே போன பிறகு கேட்க ஆள் கிடைக்க மாட்டார். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: தலைவலி இருந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம், ஆனால் நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நொடியே கீழே இறங்க வேண்டும். தனியாகப் போகிறவர் இதைத் தம்மிடம் தாமே கண்டுபிடிக்க இயலாது. ஆகவே முதல் நாளே வழிகாட்டியிடம், என் பேச்சையும் நடையையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். நான் சொல்லியிருந்தேன், இரவு எட்டு மணிக்கு அவர் விடுதி வாசலில் வந்து என்னை எழுப்பிப் பேசவைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. கடற்கரையில் இரவு 24 பாகை என்றால் உச்சியில் விடியற்காலையில் இரண்டு மூன்று பாகைதான் எஞ்சும். காற்று வீசினால் உறைநிலைக்குக் கீழே போனதுபோல் இருக்கும். சில காலைகளில் பாறைக் குழிகளில் தேங்கிய நீர் மெல்லிய பனிக்கட்டியாவதும் உண்டு. நம் நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் குளிர் பழக்கமில்லை. பருத்திச் சட்டை நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் கொண்டுபோன கையுறை கம்பளி. மழையில் நனைந்ததும் அதைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டேன். நீர் புகாத கையுறையும் மாற்று உள்ளாடையும் நெகிழிப் பையில் தனியாக இருக்கட்டும்.

இரண்டு மணிக்கு எழுப்பினார்கள். மழை நின்றிருந்தது, ஆனால் நட்சத்திரம் இல்லை. புறப்படலாம் என்று அனுமதி கிடைத்ததும் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மரப்படிகள் முடிந்ததும் கருங்கல் தொடங்குகிறது, கயிறும் தொடங்குகிறது. சாயாட் சாயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டரில். குறிப்பிட்ட நேரத்துக்குள் அதைக் கடக்காதவர்களை மேலே விடுவதில்லை. அங்கே என் பெயரட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கப்பால் செடி, மண், சுவர், கூரை எதுவும் இல்லை. சாய்ந்த ஒரே கல்வெளி, அதன்மேல் வெள்ளைக் கயிறு. காற்றுக்கு ஒதுங்க இடமில்லை.

அந்தக் கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எழுபது எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன், நான் ஏறிவந்த மணற்கல் அடுக்குகளுக்கும் அந்த உலோகப் பாறைக்கும் அடியில் பாறைக்குழம்பு புகுந்து, மேலே வந்து வெடிக்காமல் ஆழத்திலேயே மெதுவாக ஆறிக் கருங்கல்லாக இறுகியது. கினபாலு எரிமலை அன்று. பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு நிலம் உயர்ந்தது, மேலே மூடியிருந்த மென்மையான கற்கள் அரித்துப்போயின, உள்ளே இருந்த கருங்கல் வெளிப்பட்டது. எங்கள் பேராக்கில் தித்திவாங்சாத் தொடரின் கருங்கல்லுக்கு இருபது கோடி ஆண்டுக்கு மேல் வயது. அதோடு பார்த்தால் இது நேற்றுப் பிறந்த கல். கடந்த பனியூழிக் காலத்தில் இந்த உச்சிக்குப் பனிப்படலம் இருந்தது. நகர்ந்த பனி கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டது, மண்ணையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. கருங்கல் நீரை உறிஞ்சாது. மண் இல்லை, வேர் இல்லை, நீரைப் பிடித்துவைக்க எதுவுமே இல்லை. சிறு பாறைக் குழிகளில் தேங்குவதைத் தவிர, அங்கே விழும் மழை தங்குவதில்லை. உடனே சரிவில் ஓடத் தொடங்குகிறது. ஊரில் கால் மணி நேர மழை பெய்தால் தரை நனையும், அவ்வளவுதான். அங்கே கால் மணி நேர மழையில் கல்வெளி முழுவதும் ஓடையாகிவிடுகிறது.

நான் அதைக் கண்ணால் பார்த்தேன். சாவடியைக் கடந்து வெகுதூரம் போன பிறகு, மணி ஐந்துக்குச் சற்று முன், மழை மறுபடி பிடித்தது. முதலில் விளக்கொளியில் ஊசிபோல் சாய்ந்து விழுந்தது. அந்தக் கல்லில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளை ஃபெல்ஸ்பார் படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். உலர்ந்த கல்லில் காலணிக்கு நல்ல பிடி கொடுப்பவை அவைதான். என் காலுக்கு முன்னால் அந்தப் படிகங்கள் ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் நீர் மோதிச் சிறு அலையாகப் பிரிந்தது. சற்று நேரத்தில் படிகங்கள் தெரியவில்லை, மேலே நீர்ப்படலம் மட்டும் ஓடியது. அதற்குப் பிறகு நீர் என் காலணியின் நாடா வரை ஏறியது. கயிறு கையில் கனத்தது. முன்னால் போனவர்களின் விளக்குகள் நின்றுவிட்டன. அபாங் என் தோளைப் பிடித்து, “போதும் சிக்கு. திரும்புவோம். மலை எங்கேயும் போகாது” என்றார். அவர் குரலில் பதற்றமில்லை. ஆனால் கேள்வியும் இல்லை.

உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருந்தது. ஓராண்டாகச் சேர்த்த பணம், மாதக்கணக்காகக் காலையில் எழுந்து நடந்த நடை, வகுப்பில் பிள்ளைகளிடம் படம் கொண்டுவருவேன் என்று கொடுத்த வாக்கு, எல்லாம் அந்த இடத்தில் தொண்டையை அடைத்தன. ஆனால் வாதாடத் தோன்றவில்லை. வழிகாட்டி திரும்பு என்றால் திரும்ப வேண்டும்; இதில் பேரம் கிடையாது. மழைநீர் ஓடும் அந்தச் சரிவின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று இருட்டில் நமக்குத் தெரியாது. மலையின் வடபுறத்தைப் பிளந்துகொண்டு ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழத்துக்கு லோ பள்ளத்தாக்கு இறங்குகிறது. 1994இல் பிரிட்டிஷ் இராணுவ அணி ஒன்று அதில் இறங்கியபோது, அதில் ஐந்து பேர் மழையாலும் வெள்ளத்தாலும் வெளியேற முடியாமல் சிக்கி, பல வாரங்களுக்குப் பிறகே மீட்கப்பட்டார்கள்.

இறங்கும்போது அபாங் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள் என்னை விழாமல் காத்தன. கறுத்திருக்கும் கல்லில் கால் வைக்காதே, அது எப்போதும் நீர் ஓடும் தடம், பாசி படிந்திருக்கும். வெளுத்த கல்லில் மிதி. இரண்டாவது, கயிற்றைப் பிடித்துச் செங்குத்தான இடத்தில் இறங்கும்போது கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பின்னோக்கி இறங்கு. உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொள்ளாமல் கயிற்றில் எடையைக் கொடுத்துச் சற்றுச் சாய்ந்து நில், அப்போதுதான் காலணியின் அடிப்பகுதி முழுவதும் கல்லில் பதியும். பயந்தவர்கள் எல்லாரும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் பாறையை அணைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் விடிந்தது. மழை தூறலாகி, மேகம் கிழிந்து, ஒரு சில நிமிடம் மேலே எல்லாம் தெரிந்தது. கழுதைக் காது என்று அழைக்கப்படும் இரட்டைக் கூர்முனையில் ஒன்று உடைந்து குட்டையாக நின்றது. 2015 ஜூன் 5 அன்று காலை ஏழேகால் மணிக்கு 6.0 அளவிலான ராணாவ் நிலநடுக்கம் வந்தபோது அது முறிந்து விழுந்தது. அந்தக் காலையில் மலையில் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும், ஆட்களைக் காப்பாற்ற நின்ற வழிகாட்டிகளும் அவர்களில் அடக்கம். ஓர் ஆசிரியையாக அதை நின்று கேட்பது எனக்கு எளிதாக இல்லை. கருங்கல் மேலிருந்து வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பிரியும் தன்மை உடையது. அப்படிப் பிரிந்து தொற்றிக்கொண்டிருந்த பாளங்களை நிலநடுக்கம் அசைத்து உருட்டிவிட்டது. பிறகு பெய்த மழையில் அந்தக் கல்லும் மரமும் ஆறுகளில் அடித்துக்கொண்டு வந்தன. பழைய மேல்பாதை மூடப்பட்டுப் புதிய பாதை அமைத்த பிறகே, அந்த ஆண்டு டிசம்பரில், உச்சி மீண்டும் திறக்கப்பட்டது. இறந்தவர்களின் ஆன்மாக்கள் இம்மலையில் உறைவதாகக் கடசான் தூசுன் மக்கள் நம்புகிறார்கள். அபாங் அந்த இடத்தில் குரல் உயர்த்தாமல், நின்று, பிறகு நடந்தார். செங்குத்தான முகடுகளுக்கு நேர்கீழே உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

பனாலாபானிலிருந்து திம்போஹோனுக்கு இறங்கிய அந்த ஆறு கிலோமீட்டர்தான் என் முழங்கால்களை முடித்தது. முந்தின நாள் ஏறிய அதே மஞ்சள் மண், இப்போது முழுவதும் சேறு. ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதும் மடங்கிய முழங்காலில் விழுந்தது. நான்காவது கிலோமீட்டருக்கு அருகில் வலது கால் மடங்க மறுத்தது. பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன். கார்சன் அருவிக்குப் பிறகு அந்தக் கடைசி ஏற்றத்தைக் கையை ஊன்றித்தான் ஏறினேன். ஊன்றுகோல் ஒன்று வைத்திருந்தேன், இரண்டு வேண்டும். முழங்கால் பட்டையை வலி வந்த பிறகு கட்டிப் பயனில்லை, பனாலாபானிலேயே கட்டிக்கொண்டு இறங்குங்கள். திரும்பும் விமானத்தை அன்று மாலைக்கே போட்டிருந்தேன். வேன் போய்ச் சேரவில்லை. புதிய பயணச்சீட்டுக்கும் நகரத்தில் ஓர் இரவுக்கும் ஐந்நூறு ரிங்கிட் போயிற்று. இறங்கும் நாளில் விமானம் வைக்கவே வேண்டாம்.

பணத்தைப் பற்றிக் கேட்டபோது முகவர் சொன்ன பதில் இதுதான்: வானிலையால் உச்சி மூடப்பட்டால் பணம் திரும்பாது, தேதியும் மாற்ற முடியாது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அது சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. தொகுப்பில் இருந்த காப்புறுதியும் விபத்துக்கு மட்டுமே பொருந்தியது. தேய்ந்த முழங்காலுக்குப் பொருந்தவில்லை. சிகிச்சைக்கு என் கையிலிருந்து அறுநூறுக்கு மேல் செலவானது, பல வாரங்கள் பள்ளியின் மாடி வகுப்புகளைச் சக ஆசிரியைகள் எனக்காக மாற்றிக்கொண்டார்கள். பூங்கா அதிகாரிகளையோ வழிகாட்டிகளையோ நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பியதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். என் மனத்தாங்கல் டிசம்பரில் தொகுப்பை விற்கிறவர்கள்மீதுதான். நவம்பர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடந்து வரும்போது, நான் மேலே சொன்ன பகல் மழை, இரவுத் தெளிவு என்ற ஒழுங்கு குலைந்துவிடுகிறது. காற்று இரவும் பகலும் ஈரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் விடியற்காலையில் வானம் தெளியும் என்ற உறுதி இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஓரளவு உலர்ந்தவை. பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி குறைவு என்பது முகவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் இந்த ஒரு செய்தியை விற்கும்போது சொல்வதில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: வானிலையால் உச்சி மூடினால் என்ன தருவீர்கள், தேதி மாற்ற எவ்வளவு கட்டணம், பனாலாபானில் இரண்டாவது இரவு கிடைக்குமா. மலைமேல் கட்டில்கள் குறைவு, ஆகவே இரண்டாவது இரவை மாதக்கணக்கில் முன்பே கேட்டால்தான் கிடைக்கும். செலவு ஏறும், ஆனால் ஓர் அதிகாலை மழையில் போனாலும் இன்னோர் அதிகாலை கையில் இருக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் அடுத்த ஆண்டு மார்ச்சில் வரும் விடுமுறைக்கு வேறொரு முகவரிடம் அப்படி எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டியிருக்கிறேன். முதல் இரவு குண்டாசாங்கில், பிறகு பனாலாபானில் இரண்டு இரவுகள், இறங்கிய மறுநாள் விமானம். அதே அபாங்கைத்தான் கேட்டிருக்கிறேன்.